காரில் தானாக இயங்கும் ஆட்டோ ஹெட்லைட்டும் மழை வைப்பரும் சொன்னபடி கேட்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சி வெயிலில் வைப்பர் தானாக எழுந்து காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கிறது. அல்லது அடைமழையில் அசையாமல் படுத்திருக்கிறது. பட்டப்பகலில் ஹெட்லைட் எரிகிறது, இருட்டிய பிறகு எரிய மறுக்கிறது. இப்படி வண்டியைக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் வரும் பதில், "சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்." என் காரிலும் உறவினர்கள், நண்பர்கள் கார்களிலும் இந்தக் கோளாறுகளைத் துரத்திப் பார்த்ததில், சென்சார் உண்மையிலேயே செத்துப்போயிருந்தது அபூர்வம். அதன் முன்னால் இருக்கும் உள்ளங்கை அளவு கண்ணாடியில்தான் பெரும்பாலும் பிரச்சினை இருந்தது. பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

மழை பெய்கிறது என்று வைப்பருக்கு எப்படித் தெரிகிறது?

உள்ளே இருக்கும் மிரருக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியபடி ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் எல்இடியும், அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும் டயோடும் உண்டு. ஒளி ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் கண்ணாடிக்குள் நுழைகிறது. வெளிப்பக்கம் காய்ந்திருந்தால், அதாவது கண்ணாடிக்கு அப்பால் காற்று மட்டும் இருந்தால், சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி வெளியே போகாமல் முழுக்க உள்ளேயே திரும்பிவிடும். பிளஸ் டூ இயற்பியலில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். அதே இடத்தில் ஒரு மழைத்துளி ஒட்டிக்கொண்டால் அந்த எல்லை 62 டிகிரி பக்கம் போய்விடும். 45 டிகிரியில் வரும் ஒளி துளி வழியாக வெளியே கசிந்துவிடும். டயோடுக்குத் திரும்பி வரும் ஒளி குறைகிறது. எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதை வைத்து வைப்பர் ஒரு முறை அசைய வேண்டுமா, வேகமாக ஓட வேண்டுமா என்று முடிவாகிறது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சென்சாருக்கு மழை என்றால் என்னவென்று தெரியாது. போன ஒளி திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்த ஒளியைக் குறைக்கும் எதுவும், விரிசலோ அழுக்கோ காற்றுக் குமிழியோ, அதன் கணக்கில் மழைதான். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

ஹெட்லைட்டுக்கான சென்சார் எங்கே இருக்கிறது?

இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். சில கார்களில் டேஷ்போர்டின் மேல்பகுதியில், முன்கண்ணாடியை ஒட்டி, கறுப்புப் பொத்தான் போல் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கும். மற்ற கார்களில் மழை சென்சார் இருக்கும் அதே பெட்டிக்குள் சேர்ந்தே இருக்கும். உங்கள் காரில் எது என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். அது தெரியாமல் தேட ஆரம்பித்தால் நேரம்தான் வீணாகும். டேஷ்போர்டில் இருக்கும் எல்லாப் பொத்தானும் இந்தச் சென்சார் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்டோ ஏசி உள்ள கார்களில் வெயிலை அளக்கும் சென்சாரும் அதே இடத்தில் இருக்கலாம். திருட்டு எச்சரிக்கை விளக்கும் இருக்கலாம்.

கோளாறு சென்சாரிலா, வேறெங்காவதா? முதலில் எதைப் பார்ப்பது?

சுவிட்சை ஆட்டோவிலிருந்து எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் சுவிட்சைத் திருப்பியதும் டிம், பிரைட் இரண்டும் எரிகிறதா? வைப்பர் லீவரில் மெதுவான வேகமும் அதிவேகமும் வேலை செய்கிறதா? செய்தால் பல்பு, மோட்டார், அவற்றின் ஃப்யூஸ், ரிலே எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். தேட வேண்டியது சென்சார், அதன் முன்னால் உள்ள கண்ணாடி, அதற்குப் போகும் வயர், ஆட்டோ சுவிட்ச், மெனு அமைப்பு இவற்றில் மட்டும்தான்.

கையால் போட்டும் வேலை செய்யவில்லையென்றால் சென்சாரை மறந்துவிடுங்கள். ஃப்யூஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எந்த ஃப்யூஸ் எதற்கு என்று படம் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் எரியவில்லை என்றால் அதுவும் சென்சார் விஷயமே இல்லை. பல்பு, ஹோல்டர், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள்.

மழையே இல்லை, வைப்பர் தானாக ஓடுகிறது. ஏன்?

நேரடிக் காரணங்களிலிருந்து வருவோம். ஆட்டோவில் லீவர் இருக்கும்போது சாவியைப் போட்டதும் வைப்பர் ஒரே ஒரு முறை அசைவது பல கார்களில் இயல்பு. தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அது கோளாறு இல்லை.

தொடர்ந்து ஓடினால் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். வெளியிலிருந்து மிரருக்கு நேரே உள்ள கண்ணாடியை உற்றுப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் அச்சிட்ட பகுதிக்கு நடுவே சென்சாருக்காகச் சின்ன ஜன்னல் போல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் பூச்சி அடித்துக் காய்ந்திருக்கலாம். காக்கை எச்சமோ மரப்பிசினோ இருக்கலாம். லாரிக்குப் பின்னால் போகும்போது தெறித்த கல் அரிசி அளவு பொத்தல் போட்டிருக்கலாம். விரல் நகத்தால் மெதுவாக வருடிப் பார்த்தால் பொத்தல் தட்டுப்படும், அழுக்கானால் உரசும். அழுக்கை ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். பொத்தல் என்றால் துணி உதவாது.

அடுத்தது வைப்பர் பிளேடு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் ஒரு கோடைக்குள்ளேயே இறுகிப்போகும். இறுகிய பிளேடு கண்ணாடியைச் சுத்தமாக வழிக்காமல் கோடு கோடாகத் தண்ணீரை விட்டுச்செல்லும். அந்தக் கோடு சென்சாருக்கு நேரே விழுந்தால், "இன்னும் ஈரம் இருக்கிறது" என்று சென்சார் மறுபடி வைப்பரைக் கூப்பிடும். வைப்பர் மறுபடி கோடு விடும். மழை நின்று பத்து நிமிடம் ஆன பிறகும் வைப்பர் நிற்காமல் ஓடுகிறதென்றால் முதல் சந்தேகம் பிளேடு மேல்தான் இருக்க வேண்டும். சில நூறு ரூபாயில் தீரும் விஷயம்.

கண்ணாடிக்கு மெழுகு, தண்ணீர் ஒட்டாத பூச்சு போட்டவர்கள் கவனியுங்கள். பூச்சு திட்டுத் திட்டாகத் தேய்ந்த பிறகு தண்ணீர் ஓரிடத்தில் முத்தாகவும் ஓரிடத்தில் படலமாகவும் நிற்கும். சென்சாரின் கணக்கு அதில் தடுமாறலாம். சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி, கண்ணாடிக்கான கிளீனர் போட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடுகிறது என்றால் விஷயம் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கிறது. அது அடுத்த கேள்வி.

முன்கண்ணாடி மாற்றியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. கண்ணாடிக்கும் சென்சாருக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் ஒரு சிலிக்கான் ஜெல் பேட் இருக்கும். பார்ப்பதற்கு ஜெல்லி மிட்டாயை மெல்லிய வில்லையாக வெட்டியது போல் இருக்கும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்றே இல்லாமல் செய்வதுதான் அதன் ஒரே வேலை. நடுவில் காற்று புகுந்தால் ஒளி கண்ணாடிக்குள் போகும் முன்பே சிதறிவிடும்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். கல் அடித்து முன்கண்ணாடியில் விரிசல் ஓடியதால் ஒரு கண்ணாடிக் கடையில் மாற்றினேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மதியம், சிக்னலில் நிற்கும்போது வைப்பர் சரக்கென்று எழுந்தது. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் இழுபடும் அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே நின்றது. காலையில் வராது, வெயில் ஏறினால் வரும். மிரர் பின்னாலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே, வெளியே நின்று கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜெல் பேடின் ஓரத்தில் பச்சைப்பயறு அளவில் ஒரு வெள்ளிக் குமிழி. அதைச் சுற்றி இன்னும் சில சிறு குமிழிகள். பழைய கண்ணாடியிலிருந்து பேடைப் பிய்த்து அப்படியே புதியதில் ஒட்டியிருக்கிறார்கள். வெயிலில் குமிழிக் காற்று விரிந்தபோது சென்சாருக்கு அது மழையாகத் தெரிந்திருக்கிறது. புதுப் பேட் போட்டதும் அன்றோடு நின்றது. நான்கு நாள் மண்டையைக் குடைந்ததற்குக் காரணம் ஒரு பயறு அளவு காற்று.

ஆகவே கண்ணாடி மாற்றக் கொடுக்கும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். உங்கள் மாடலுக்கான, மழை சென்சார் வசதியுள்ள கண்ணாடிதானா? சென்சாரை மாட்டும் பிராக்கெட் கண்ணாடியோடு சேர்ந்து வருகிறதா? ஜெல் பேட் புதிதாகப் போடுவார்களா? ஒரே காரின் கீழ் வேரியண்டுக்கு சென்சார் இல்லாத கண்ணாடி வரும். அளவு அச்சாகப் பொருந்தும், ஆனால் சென்சாருக்கான ஜன்னல் இருக்காது. சில ஐரோப்பிய கார்களில் கண்ணாடி வகை மாறினால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு, அதில் பதிந்துள்ள அமைப்பையும் (கோடிங்) மாற்ற வேண்டும்.

ஜெல் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?

கை நிதானமாக இருந்தால் மாற்றலாம். மூடியைத் திறப்பதில்தான் ஆபத்து. கிளிப்புகள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இழுத்தால் உடையும். சாவியை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு கம்பிக் கிளிப்புகளைத் தளர்த்தினால் அது கையோடு வரும். கண்ணாடியின் உட்புறத்தையும் சென்சாரின் முகத்தையும் தூசி, விரல் ரேகை இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு புதுப் பேடை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகப் படியவைத்து, காற்றை வெளியே தள்ளிக்கொண்டே அமுக்க வேண்டும். மொபைலுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிய அனுபவம் இங்கே கைகொடுக்கும். முடித்ததும் வெளியே வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். நாளடைவில் தானாகப் போய்விடும் என்று விட்டால் போகாது.

அதே இடத்தில் கேமராவும் இருக்கும் கார்களில், அதாவது லேன் மாறினால் எச்சரிக்கும், தானாக பிரேக் போடும் வசதி உள்ளவற்றில், நீங்களாகக் கை வைக்காதீர்கள். கேமரா இம்மி விலகினாலும் மறுபடி அளவு சரிசெய்ய வேண்டிவரும்.

நல்ல மழையிலும் ஆட்டோ வைப்பர் அசையவில்லை. என்ன செய்ய?

லீவர் உண்மையிலேயே ஆட்டோவில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் வண்டியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் லீவரை ஒரு தடவை வெளியே எடுத்து மறுபடி ஆட்டோவுக்குத் தள்ளினால்தான் வசதி உயிர்பெறும். வேறு சிலவற்றில் ஆட்டோவும் நேர இடைவெளி வைப்பரும் ஒரே இடத்தில்தான். எது வேண்டும் என்பதைத் திரை மெனுவில் தேர்ந்தெடுத்திருப்பார்கள். லீவரிலுள்ள வளையத்தைத் திருப்பி உணர்திறனைக் கூட்டிப் பாருங்கள்.

பிறகு சோதனை. சாவி போட்டு, லீவரை ஆட்டோவில் வைத்து, பூவுக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் மிரருக்கு நேரே வெளிக் கண்ணாடியில் தண்ணீர் தெளியுங்கள். கை வைப்பர் பாதையில் இருக்க வேண்டாம். வைப்பர் அசைந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. கண்ணாடியின் வேறு மூலையில் தெளித்து "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சென்சார் பார்ப்பது ஓரிரு பெரிய நாணய அளவு இடத்தைத்தான். சாரல் மழையில் அந்த இடத்தில் துளி விழக் காத்திருக்க வேண்டும் என்பதால் வைப்பர் தாமதிப்பதும் இதனால்தான்.

மழை எப்படியிருந்தாலும் ஒரே சீராக, குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் ஓடுகிறது என்றால், சென்சாரோடு தொடர்பு அறுந்துவிட்டதால் பழைய நேரக் கணக்குக்கு மாறியிருக்கலாம். பல கார்களில் இப்படியொரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. அப்போது கனெக்டரையும் வயரையும் பார்க்க வேண்டும்.

ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நம் நாட்டுக்கே உரிய தொடர்பு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. உள்ளிருந்து, கண்ணாடியின் மேல்பக்கம் நடுவில், மிரருக்குப் பின்னால் ஒட்டச் சொல்கிறார்கள். சென்சாரின் குடித்தனமும் அங்கேதான். டோல் வரிசையில் நின்றபடி அவசரமாக ஒட்டும்போது, ஸ்டிக்கரின் ஓரம் சென்சார் பெட்டியின் விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. உறவினர் ஒருவரின் காரில் இதைப் பார்த்தேன். மழை சென்சார் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒளி சென்சாருக்கான ஜன்னல் சற்றுத் தள்ளி, திறந்தவெளியாக இருந்தது. அதன் மேல் பாதி ஸ்டிக்கர். பாவம், காலை பத்து மணிக்கே ஹெட்லைட்டோடு வலம் வந்துகொண்டிருந்தார். எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் கை காட்டி லைட் லைட் என்று சொல்லியும் காரணம் தெரியவில்லை.

ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் பிய்த்தால் உள்ளிருக்கும் ஆன்டெனா கிழிந்து வீணாகிவிடும். எடுப்பதற்கு முன் அதைக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியதை சென்சார் பெட்டியிலிருந்து நான்கு விரல் தள்ளி, கறுப்புப் புள்ளிகள் இல்லாத தெளிவான கண்ணாடியில் ஒட்டுங்கள். டேஷ்கேமுக்கும் இதே எச்சரிக்கை.

பகலிலேயே ஹெட்லைட் எரிகிறது. ஏன்?

சென்சார் டேஷ்போர்டில் இருந்தால் அங்கே என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிள்ளையார் சிலை, டிஷ்யூ பெட்டி, மல்லிகைச் சரம், வெயிலுக்குப் போட்ட டேஷ்போர்டு விரிப்பு. எது மூடினாலும் சென்சாருக்கு இருட்டுதான். பிள்ளையாரை நடுப்பக்கம் நகர்த்தியதுமே தீர்ந்த கதைகள் நிறைய. விரிப்பு போடுவதென்றால் சென்சார் இருக்கும் இடத்தில் வட்டமாக வெட்டி விடுங்கள்.

முன்கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் சென்சார் இருட்டை முன்கூட்டியே உணரும். முன்கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவீத ஒளி போக வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அதைவிடக் கறுப்பாக ஒட்டியிருந்தால் லைட் பிரச்சினைக்கு முன்பே அபராதப் பிரச்சினை.

மெனுவில் ஒளி உணர்திறன் என்று ஒன்று இருக்கும் கார்களில் அது அதிகபட்சத்தில் வைக்கப்பட்டிருக்கலாம், நடுவில் வையுங்கள்.

எதுவும் மறைக்கவில்லை, பளீரென்ற வெயிலிலும் ஒரு நொடிகூட அணையாமல் எரிகிறது என்றால், அது சென்சார் பழுதின் அடையாளமாக இருக்கலாம். சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால், இருட்டில் விளக்கில்லாமல் ஓடுவதைவிடப் பகலில் எரிவது மேல் என்று பல கார்களை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல வடிவமைப்பு என்றுதான் சொல்வேன்.

மேம்பாலத்துக்குக் கீழே போனால் எரிகிறது, சுரங்கம் தாண்டியும் அணைய நேரமாகிறது. கோளாறா?

இல்லை. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐநா விதி எண் 48 இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் 2 நொடிக்குள் ஹெட்லைட் எரிய வேண்டும். 7,000 லக்ஸுக்கு மேல் போனால் அணைய வேண்டும், ஆனால் உடனே அல்ல. 5 நொடிக்குப் பிறகு, 300 நொடிக்குள். இடைப்பட்ட வெளிச்சத்தில் என்ன செய்வது என்பது தயாரிப்பாளர் விருப்பம். எரிவது சட்டென்று, அணைவது நிதானமாக என்ற இந்தத் தத்துவத்தைத்தான் பொதுவாக எல்லா ஆட்டோ ஹெட்லைட்டும் பின்பற்றுகிறது. இல்லையென்றால் மரநிழல் சாலையில் லைட் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து கொச்சி போகும் வழியில் குதிரான் சுரங்கம் வருகிறதே, அங்கே சோதித்துப் பார்க்கலாம். நுழைந்த கையோடு லைட் எரிந்தால், வெளியே வந்து சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ அணைந்தால், உங்கள் சென்சார் ஆரோக்கியமாக இருக்கிறது. வீட்டில் சோதிக்க வேண்டுமானால் சென்சாரைத் தடித்த கறுப்புத் துணியை நான்காக மடித்து மூடுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே வெளிச்சம் போய்விடும்.

இருட்டிய பிறகும் ஹெட்லைட் எரியவில்லை, ஆனால் முன்னால் வெளிச்சம் தெரிகிறது. எப்படி?

நீங்கள் பார்ப்பது பகல் விளக்காக இருக்கலாம். டிஆர்எல் என்று சொல்கிறோமே, அதுதான். இப்போதைய எல்இடிகள் பிரகாசமாக இருப்பதால் தெருவிளக்குள்ள ஊர்ச் சாலையில் ஹெட்லைட் எரிவதாகவே நினைத்துவிடுவோம். மீட்டர் பலகையும் எப்போதும் ஒளிர்வதால் அதுவும் காட்டிக்கொடுக்காது. பச்சை நிற லைட் குறி மீட்டரில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மட்டும் நம்புங்கள்.

சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா? வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த வண்டியில் யாராவது திருப்பி வைத்திருப்பது சகஜம். ஆட்டோவில்தான் இருக்கிறது, துணியால் மூடியும் எரியவில்லை, கையால் போட்டால் எரிகிறது என்றால் சுவிட்சோ சென்சாரோ வயரோ பழுது. சரிசெய்யும் வரை கையால் போட்டு ஓட்டுங்கள்.

பகல் மழையிலும் பனிமூட்டத்திலும் ஆட்டோவை நம்பலாமா?

நம்பக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒளி சென்சார் அளப்பது வெளிச்சத்தை மட்டும்தான், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை அல்ல. கொடைக்கானல் மலைப்பாதையில் காலை ஒன்பது மணிக்கு மூடுபனி இறங்கினால் சுற்றிலும் பால் கொட்டியது போல் வெள்ளையாக இருக்கும். சென்சாருக்கு அது நல்ல வெளிச்சம். ஹெட்லைட் எரியாது. ஐப்பசியில் செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் பகல் மழை அடித்து ஊற்றும்போதும் அப்படித்தான். முன்னால் டிஆர்எல் எரிகிறது, எதிரே வருகிறவனுக்கு நீங்கள் தெரிகிறீர்கள். ஆனால் பெரும்பாலான கார்களில் டிஆர்எல் மட்டும் எரியும்போது பின் லைட் எரியாது. வெள்ளை நிறமோ சாம்பல் நிறமோ உள்ள கார், தண்ணீர்ப் புகையை எழுப்பிக்கொண்டு போகும்போது பின்னால் வரும் பஸ்காரருக்குக் கடைசி நொடி வரை கண்ணில் படாது. வைப்பர் தொடர்ந்து ஓடினால் ஹெட்லைட்டையும் சேர்த்துப் போடும் கார்கள் இருக்கின்றன. உங்களுடையது அந்த ரகமா என்று ஒரு மழை நாளில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். பின் லைட் எரியவில்லையென்றால், மழைக்கும் பனிக்கும் டிம் லைட்டைக் கையால் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஹஸார்டு விளக்கைப் போட்டபடி ஓட்ட வேண்டாம். நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது.

ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஒரே நாளில் மக்கர் செய்ய ஆரம்பித்தன. என்ன அர்த்தம்?

அநேகமாக உங்கள் காரில் இரண்டு சென்சாரும் ஒரே பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோ ஏசியும் கூடவே தாறுமாறாகக் குளிரவைத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சில கார்களில் வெயில் சென்சாரும் அதற்குள்தான். பெட்டிக்குப் போகும் மின்சாரம், எர்த், தகவல் வயர், கனெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் மேல் விளிம்பிலோ சன்ரூஃப் வடிகுழாயிலோ கசிவு இருந்தால் தண்ணீர் கூரைத் துணிக்குள் நடந்து இந்தக் கனெக்டருக்கு வந்து சேரும். கனெக்டரைப் பிரித்துப் பார்க்கும்போது பின்களில் பச்சையாக அரிப்பு பூத்திருந்தால் கசிவை அடைக்காமல் சென்சாரை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பேட்டரி மாற்றியதும் ஆட்டோ வசதி நின்றுவிட்டது.

மெனுவுக்குள் போய்ப் பாருங்கள், சில அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். லீவரையும் லைட் சுவிட்சையும் ஒரு தடவை அணைத்து ஆட்டோவில் வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

இருநூறு முந்நூறு ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிப் பார்க்கலாமா?

எஞ்சின் கோளாறுக்குப் பயன்படும். ஆனால் லைட்டும் வைப்பரும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற வேறொரு பெட்டியின் கீழ் வருகின்றன. அதைப் படிக்க அந்தந்தக் கம்பெனிக்கான ஸ்கேனரோ, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மல்டிபிராண்டு ஸ்கேனரோ வேண்டும். கோளாறு எண்ணை மட்டும் பார்க்காமல் நேரலை அளவுகளைக் காட்டச் சொல்லுங்கள். துணியால் மூடும்போது ஒளி அளவு இறங்க வேண்டும். தண்ணீர் தெளிக்கும்போது மழை அளவு ஏற வேண்டும். எண் அசைந்தால் சென்சாரும் வயரும் நலம். கோளாறு அதற்கு அப்பால். அசையவே இல்லையென்றால்தான் சென்சார் மாற்றும் பேச்சு.

கண்ணாடியை இன்ஷூரன்ஸில் மாற்றலாமா?

ஓன் டேமேஜ் பாலிசி, அதாவது உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி இருந்தால் மாற்றலாம். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய கட்டாயக் கழிவுத் தொகை உண்டு. 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதால் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெல் பேடையும் எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கார் கழுவும்போது கவனிக்க வேண்டியது?

லீவரை அணைத்துவிடுங்கள். சாவி போட்டு ஆட்டோவில் இருக்கும்போது கண்ணாடியின் மேல்பகுதியைத் துணியால் தொட்டாலே வைப்பர் பாயலாம். துடைக்கும் பையனின் விரல்கள் அந்த இடத்தில்தான் இருக்கும்.

ஆட்டோ ஹை பீமும் இதே சென்சாரா?

இல்லை. எதிரே வரும் விளக்கைப் பார்த்து பிரைட்டை டிம்மாக்கும் வேலையைக் கேமரா செய்கிறது. டெஸ்லா கார்களில் வைப்பரைக்கூடக் கேமராதான் முடிவு செய்கிறது; தனி மழை சென்சாரே இல்லை. அவற்றில் ஜெல் பேட் தேட வேண்டாம், கேமரா முன்னால் உள்ள கண்ணாடியைச் சுத்தமாக வைத்தால் போதும்.

சர்வீஸ் சென்டரில் விட்டால் "எங்களிடம் சரியாகத்தான் ஓடுகிறது" என்கிறார்கள். என்ன செய்வது?

விட்டு விட்டு வரும் கோளாறுகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. அவர்களையும் குறை சொல்ல முடியாது. நிழலான பட்டறைக்குள் வெயில் கோளாறு வராது. அதனால் சாட்சி சேர்த்துக்கொண்டு போங்கள். கோளாறு வரும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வானம், வைப்பர், லீவர் இருக்கும் நிலை மூன்றும் அதில் தெரிய வேண்டும். எந்த நேரம், வெயிலா மழையா, வண்டி ஓடியதா நின்றதா, கண்ணாடியோ பேட்டரியோ சமீபத்தில் மாற்றினீர்களா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கையால் போட்டுப் பார்த்தது, தண்ணீர் தெளித்தது, துணியால் மூடியது ஆகிய சோதனைகளில் கண்டதையும் அதே தாளில் எழுதி, ஜாப் கார்டோடு இணைக்கச் சொல்லுங்கள். சென்சார் மாற்றுவதாகச் சொன்னால், மாற்றும் முன் நேரலை அளவை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி, அதில் ஒட்டியிருக்கும் ஜெல் பேடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழி இருந்தால் பழுது சென்சாரிலா பேடிலா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.